கச்சதீவும் நம் கடலும்



இந்தியாவில் தேர்தல் வந்தால் கச்சதீவும் கூடவே வந்துவிடும். 2024இலும் வந்தது. மன்னார்க் கரையில் வாழும் நாம் இந்தத் தகராறைச் சரியாக விளங்கிக்கொள்வது நல்லது.

கச்சதீவு 285 ஏக்கர்தான். குடியிருப்பு இல்லை. அந்தோனியார் கோவில் உண்டு. திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் மக்கள் போவார்கள். சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் 1974இல் செய்த ஒப்பந்தத்தில் அது இலங்கைப் பக்கம் வந்தது. 1976இல் மன்னார் வளைகுடாவிலும் கோடு வரைந்தார்கள். ஒருவர் கடலில் மற்றவர் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் முடிவானது. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வெட்ஜ் பாங்க் மீன்தளம் இந்தியாவுக்குப் போனது. விட்டுக்கொடுத்தது இந்தியா மட்டுமல்ல.

பிறகு யுத்தம். நம் மீனவர்களுக்குக் கடலில் தடை. 1990இல் மன்னார் முஸ்லிம்களாகிய நாம் ஊரை விட்டே வெளியேற்றப்பட்டோம். ஆளில்லாத கடலில் அக்கரை இழுவைப் படகுகள் கோட்டைத் தாண்டி வந்து பழகின. 2009க்குப் பின் திரும்பித் தொழிலுக்குப் போனவர்களின் வலைகளை அவை அறுத்தன. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது.

நட்பு நாடுகளான ஐஸ்லாந்தும் பிரித்தானியாவும் கூட மீனுக்காகக் கடலில் மோதின. 1976இல்தான் அது ஓய்ந்தது.

இங்கும் பிரச்சினை மீன்தான். தீவு எவர் கையில் இருந்தாலும், இழுவைமடி நிற்காவிட்டால் இரு கரைக்கும் மீன் மிஞ்சாது. பிடிபட்டுச் சிறைக்குப் போகும் இராமேஸ்வரத்துக் கூலி மீனவரும் நம்மைப் போல ஏழைதான். பிள்ளைகள் கச்சதீவைப் பற்றிக் கேட்டால், இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.