செய்தி இருக்கையும் விராட்ஜுரி மொழியும்: ஸ்டான் கிராண்ட்டின் ஊடக வாழ்வு

பொது இடத்தில் தம் பேரனை விராட்ஜுரி மொழியில் கூவியழைத்தமைக்காக வில்ஃபிரட் ஜான்சன் என்னும் ஆஸ்திரேலியப் பழங்குடி முதியவர் காவலில் அடைக்கப்பட்டார் என்பது அவர் குடும்பத்தார் வழங்கிவரும் செய்தி. அந்தப் பேரனின் மகன்தான் ஸ்டான் கிராண்ட். இக்குடும்ப நினைவை நீக்கிவிட்டுப் படித்தால் அவருடைய ஊடக வாழ்வு வெறும் வெற்றிக் கதையாகச் சுருங்கிவிடும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக் கிரிஃபித் நகரில் 1963இல் பிறந்தவர் கிராண்ட். தந்தை மர அறுவை ஆலைத் தொழிலாளி. வேலை தேடி ஊர் ஊராகப் பெயர்ந்த குடும்பம் அது. 1992இல் செவன் தொலைக்காட்சியின் 'ரியல் லைஃப்' என்னும் நடப்புச் செய்தி நிகழ்ச்சியைக் கிராண்ட் நடத்தத் தொடங்கினார். வணிகத் தொலைக்காட்சியின் முதன்மை நேரத்தில் ஒரு பழங்குடி முகம் தோன்றியது அன்று புதுமை. 2001 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சிஎன்என் நிறுவனத்தில் பணியாற்றி, ஹாங்காங், அபுதாபி, பெய்ஜிங் ஆகிய நகரங்களிலிருந்து செய்தி வழங்கினார். இக்காலம் முழுவதும் அவர் பேசியது செய்தித்துறையின் பொது ஆங்கிலம். செய்தி மொழிக்கும் வாழ்மொழிக்கும் இடையிலான இத்தொலைவு தமிழுக்கும் புதிதன்று. படவேட்டை ஒட்டியெழும் சவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் பேசுவதும் தமிழே. ஆயினும் செய்தித் தமிழ் அவர்தம் வீட்டுத் தமிழன்று.

பழங்குடிக் கால்பந்து வீரர் ஆடம் கூட்ஸ் மைதானங்களில் தொடர்ந்து கூச்சலிட்டு இழிவுபடுத்தப்பட்ட 2015ஆம் ஆண்டு கிராண்ட்டின் வாழ்வில் திருப்பமாயிற்று. அவ்வாண்டு நிகழ்ந்த பொது விவாதமொன்றில் இனவெறி குறித்து அவர் ஆற்றிய உரை பின்னர் இணையவழிப் பெருந்திரளானோரைச் சென்றடைந்தது. அதுவரை பிறர் செய்தியைச் சொன்னவர் தம் மக்களின் செய்தியைச் சொன்னார். பாராட்டுக் குவிந்தது, ஆனால் அப்பாராட்டுக்கு ஓர் எல்லை இருந்தது.

2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி ஏபிசி தொலைக்காட்சி நடத்திய கலந்துரையாடலில் அவ்வெல்லை வெளிப்பட்டது. மணிமுடியின் பெயரால் தம் மக்களின் நிலம் பறிக்கப்பட்டதை அவர் நினைவூட்டினார். விராட்ஜுரி நிலத்தின் பாத்தர்ஸ்ட் பகுதியில் 1824இல் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது ஆவணப்படுத்தப்பட்ட வரலாறு. ஆயினும் அவர்மீதும் குடும்பத்தார்மீதும் இனவெறி வசைகள் பொழிந்தன. வசையினும் நிறுவனத் தலைமையின் மௌனமே தம்மை வருத்தியதாக அவர் எழுதினார். நிர்வாக இயக்குநர் பின்னரே மன்னிப்புக் கோரினார். மே 22 அன்று 'கியூ அண்ட் ஏ' நிகழ்ச்சியிலிருந்து விலகிய கிராண்ட், சில மாதங்களில் ஏபிசியை விட்டே நீங்கி மோனாஷ் பல்கலைக்கழகப் பணியை ஏற்றார். பழங்குடியினருக்கு நாடாளுமன்றத்தில் ஆலோசனைக் குரல் வழங்கும் முன்மொழிவை அவ்வாண்டு அக்டோபர் 14 அன்று வாக்காளர்கள் நிராகரித்தனர்.

மகன் ஆங்கிலச் செய்தியில் வளர்ந்த ஆண்டுகளில் தந்தை மூத்த ஸ்டான் கிராண்ட், மொழியியலாளர் ஜான் ரட்டருடன் இணைந்து விராட்ஜுரி அகராதியைத் தொகுத்தார். 2005இல் அது வெளிவந்தது. பாட்டனாரைக் காவலில் அடைக்கக் காரணமாயிருந்த மொழி பின்னாளில் சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டச் சான்றிதழ்ப் பாடமாகக் கற்பிக்கப்பட்டது.