மதுரையிற் பிறந்த விதியும் ஆடுபுலி ஆட்டமும்

1806-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், மதுரையில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையதிகாரி ஒருவரின் இல்லத்தில் ஆண் மகவு ஒன்று பிறந்தது. அகஸ்டஸ் டி மார்கன் என்று பெயரிட்டனர். பிறந்த சிறிது காலத்திலேயே அக்குழந்தைக்கு ஒரு கண்ணின் பார்வை போயிற்று. ஏழு மாதம் நிரம்பிய அளவில் குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்துவிட்டது. ஆதலின் அவரை மதுரைக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுவது சற்று மிகையே. எனினும், அவர் பின்னாளில் வகுத்தளித்த விதி ஒன்று இன்று உலகிலுள்ள கணிப்பொறிகள் அனைத்தினுள்ளும் தொழிற்படுகிறது. மாணவர்களே, அவ்விதியை நம் திண்ணை விளையாட்டு ஒன்றைக் கொண்டே கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

டி மார்கன் 1828-இல், தம் இருபத்தொன்றாம் வயதில், இலண்டனில் புதிதாகத் தோன்றிய பல்கலைக்கழகத்தின் முதற் கணிதப் பேராசிரியரானார். புதிர்களில் அவருக்குத் தீராத ஆசை. தம் வயதையே புதிராக்கினார்: ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வரும் ஆண்டில் தமக்கு வயது அந்த எண்ணே என்றார். 43-ஐ 43-ஆல் பெருக்குங்கள், 1849 வரும். அவ்வாண்டில் அவருக்கு வயது 43. 1980-இல் பிறந்தவர்களும் 2025-இல் 45 வயதினராகி இதே சிறப்பைப் பெற்றார்கள். எத்தனை பேர் அதை அறிந்து மகிழ்ந்தார்களோ, தெரியாது.

1847-இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று டி மார்கனின் தருக்க நூல். மற்றொன்று, ஜார்ஜ் பூல் என்பவர் தருக்கத்தைக் கணிதமாக்கி எழுதியது. பூல் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்திவந்த ஆசிரியர். (எம் இனத்தவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.) ‘உண்டு’ என்பதை 1 என்றும், ‘இல்லை’ என்பதை 0 என்றும் கொண்டு எண்ணங்களைக் கணக்கிடும் முறை அவர் வழியாக வளர்ந்தது. அதுவே பூலியன் இயற்கணிதம்.

டி மார்கனின் விதிக்கு இரு பகுதிகள் உண்டு. ‘இது அல்லது அது’ என்பதை மறுத்தால், ‘இதுவும் இல்லை, அதுவும் இல்லை’ என்றாகும். ‘இதுவும் அதுவும்’ என்பதை மறுத்தால், ‘இது இல்லை, அல்லது அது இல்லை’ என்றாகும். பதினான்காம் நூற்றாண்டுத் தருக்க அறிஞர்களும் இதனைச் சொல்லால் அறிந்திருந்தனர். குறியீட்டு வடிவம் தந்தவர் டி மார்கன். கேட்பதற்கு எளிது. கையாளும்போதுதான் வழுக்கும்.

இனி விளையாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் ஆடுபுலிக் கட்டம் செதுக்கியிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். புள்ளிகள் 23, புலிகள் 3, ஆடுகள் 15. பக்கத்துப் புள்ளி வெறுமையாயின் புலி அங்கே நகரும். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, நேர்கோட்டில் அதற்கு அப்பாலுள்ள புள்ளி வெறுமையாகவும் இருந்தால், புலி தாவி ஆட்டை வெட்டும். மூன்று புலிகளும் அசைய வழியின்றி அடைபட்டால் வெற்றி ஆடுகளுக்கு.

இதனை விளையாடுவது வேறு. தானாகத் தீர்ப்புச் சொல்லும் பொறியாக அமைப்பது வேறு. விளையாடும்போது ஐயம் எழுந்தால் பெரியவர் ஒருவர் வழக்கைத் தீர்த்துவைப்பார். பொறிக்குப் பெரியவர் இல்லை. ஒவ்வொரு விதியையும் ‘உண்டு, இல்லை’ என்று முழுமையாகப் பிரித்துச் சொன்னாலன்றி அது இயங்காது. ஆகவேதான், ஆடிப் பார்ப்பதைவிட ஆட்டத்தை அமைத்துப் பார்ப்பது தருக்கத்தை நன்கு கற்பிக்கிறது என்கிறேன்.

புளியறையில் மாலை வேளைகளில் மாணவர்களோடு இதைச் செய்து பார்த்ததுண்டு. பேட்டரிக் கட்டை, சிறு பல்பு, தகரத் துண்டுகளால் ஆன விசைகள்; இவ்வளவே கருவி. மூலைப் புள்ளியில் ஒரு புலி நிற்கிறது. அதற்கு இரண்டே வழிகள். ‘புலிக்கு வழி உண்டு’ என்று விளக்கு எரிய வேண்டுமானால், வழி திறந்திருந்தால் மூடும் விசைகள் இரண்டையும் பக்க இணைப்பில் அமைக்க வேண்டும்; எது மூடினும் மின்சாரம் பாயும். இது ‘அல்லது’. ஆட்டை வெட்டும் விதிக்கோ, ‘ஆடு உண்டு’, ‘அப்பால் வெறுமை’ என்னும் விசைகளைத் தொடராக இணைக்க வேண்டும். இரண்டும் மூடினால்தான் விளக்கு எரியும். இது ‘மற்றும்’.

அடுத்து, ‘புலி அடைபட்டது’ என்று காட்டும் விளக்கு. இங்கேதான் பல மாணவர்கள் தடுமாறினர். வழி அடைபட்டால் மூடும் விசைகள் இரண்டை எடுத்து, முன்போலவே பக்க இணைப்பில் அமைத்தார்கள். ஒரு வழியை மட்டும் ஆட்டால் அடைத்ததும் விளக்கு எரிந்தது. ஆட்டுக்காரன் வென்றேன் என்று கூவினான். புலிக்காரனோ மறுவழியே நடந்து காட்டினான்! ‘அல்லது’ என்பதை மறுக்கும்போது அது ‘மற்றும்’ ஆகிவிட வேண்டும், அதாவது பக்க இணைப்பு தொடரிணைப்பாக மாற வேண்டும். டி மார்கன் விதியைப் பலகையில் எழுதி விளக்கியபோது உறங்கிய கண்கள், அப்பொழுது விழித்தன.

விசைகளும் பூலியன் இயற்கணிதமும் ஒன்றே என்பதை 1937-இல் அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன் தம் ஆய்வேட்டில் நிறுவினார். அப்போது அவருக்கு வயது 21. தருக்க வாயில்கள் என இன்று நாம் குறிக்கும் அமைப்புகளுக்கு அதுவே அடிப்படை. வாயில் என்னும் சொல், ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு முகப்பில், எல்லைச் சோதனைச் சாவடியருகே வாழும் புளியறையாருக்கு விளக்க வேண்டியதன்று. சீட்டும் சரி, சரக்கும் சரி என்றாலன்றித் தடுப்புக் கம்பம் உயராது. ‘இரண்டும் உண்டு என்பதன்று’ என்னும் ஒரே வகை வாயிலைக் கொண்டு மற்றெல்லா வாயில்களையும் அமைத்துவிடலாம். அதற்கு வழிகாட்டுவதும் டி மார்கன் விதியே.

பொறிகளுக்கு விளையாட்டுக் கற்பிக்கும் முயற்சி விரைவிலேயே தொடங்கிற்று. காய்க்குவியல்களிலிருந்து மாறி மாறி எடுக்கும் ‘நிம்’ என்னும் ஆட்டத்தை ஆடும் பொறியொன்றை 1940-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்தார்கள். 1951-இல் இலண்டன் கண்காட்சியில் பெர்ராண்டி நிறுவனத்தின் ‘நிம்ராட்’ அதே ஆட்டத்தை ஆடியது. கணிப்பொறி எவ்வாறு கணிக்கிறது என்று மக்களுக்குக் காட்டுவதே அதன் நோக்கம்; வந்தவர்களிற் பலர் ஆட்டத்தைத்தான் கவனித்தார்கள்.

நம் ஆடுபுலிப் பொறிக்கு எத்தனை விசைகள் வேண்டும்? ஒரு புள்ளியில் வெறுமை, ஆடு, புலி என மூன்று நிலைகள். ‘காய் உண்டா?’, ‘அது புலியா?’ என்ற இரண்டு வினாக்களால் மூன்றையும் பிரித்துவிடலாம். ஆக, 23 புள்ளிகளுக்கு 46 விசைகள். ஒரு மூலையில் மட்டும் முதலில் தொடங்குங்கள். அதற்கு ஒரு பேட்டரிக் கட்டையும் ஒரு பல்பும் போதும்.