பவுத்திர மருத்துவத்தில் கத்தியும் காரநூலும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலவாயின் அருகே தோன்றும் சீழ்க்கட்டி உடைந்து, மலக்குடலின் உட்புறத்திற்கும் வெளித்தோலுக்கும் இடையே ஆறாத புண்வழியாக நிலைத்துவிடுவது பவுத்திரம். வடநூலார் இதனைப் பகந்தரம் என்பர். காரநூல் கட்டுதல் ஆயுர்வேத முறை, அறுத்தல் மேலை முறை எனப் பிரித்துரைப்பது இன்று வழக்கமாக உள்ளது. இப்பிரிவு வரலாற்றோடு பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுசுருதர் வகுத்த நெறி

சுசுருத சங்கிதை பகந்தரத்தை எட்டுப் பெருநோய்களுள் ஒன்றாக வைத்து, ஐவகையாகப் பகுக்கிறது. புண்வழியைச் சலாகையால் அறிந்து அறுத்தெடுத்தல் அதற்குரிய மருத்துவமாகச் சொல்லப்படுகிறது. நாட்பட்ட புண்வழிகளைப் பற்றிய இயலில்தான் காரநூல் இடம்பெறுகிறது. மெலிந்தோர், வலுவற்றோர், அஞ்சுவோர் ஆகியோர்க்கும், மர்மம் எனப்படும் உயிர்நிலை இடத்தைச் சார்ந்த புண்வழிக்கும் கத்தியை விலக்கி நூலையே கொள்ளுமாறு அந்நூல் விதிக்கிறது. பகந்தரத்திற்கும் இவ்விதியைப் பொருத்துகிறது. எனவே, கத்தியும் நூலும் ஒரே மரபின் இரு கருவிகளே. 11ஆம் நூற்றாண்டினரான சக்கரபாணிதத்தர் கள்ளிப்பாலும் மஞ்சளும் ஊட்டிய நூலைக் குறிப்பிடுகிறார். கிரேக்கத்தில் இப்போக்கிரேட்டசு பெயரால் வழங்கும் நூலொன்றும் குதிரைமயிர் சேர்த்த நூலைப் புண்வழியில் கட்டி இறுக்கும் முறையைக் கூறுகிறது.

ஐதராபாத்தும் மயக்க மருந்தும்

அஞ்சுவோர்க்கு நூல் என்ற விதியின் தேவையைக் குறைத்தது 19ஆம் நூற்றாண்டில் வந்த மயக்க மருந்து. அதன் வரலாற்றில் ஐதராபாத்திற்குத் தனியிடம் உண்டு. நிசாம் அரசின் ஆதரவுடன், எட்வர்டு லாரி என்னும் மருத்துவரின் முயற்சியால் 1888, 1889ஆம் ஆண்டுகளில் குளோரோபாரம் பற்றிய ஆய்வுக்குழுக்கள் இரண்டு இங்கு இயங்கின. குளோரோபாரம் இதயத்தை நேரடியாகத் தாக்காது என்ற அவற்றின் முடிவைப் பிற்கால ஆய்வுகள் மறுத்தன.

அச்சம் குறைந்த பின்னரும் மர்மம் பற்றிய விதி பொருளிழக்கவில்லை. மலவாயைச் சுருக்கும் தசையினூடே புண்வழி ஆழ்ந்து சென்றால், அதை அறுக்கையில் தசையும் அறுபடும். நோயாளி மலத்தை அடக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். ஆகவே, ஆழ்ந்த புண்வழிகளில் இன்றைய அறுவை மருத்துவரும் மருந்தூட்டாத நூலைப் பயன்படுத்துகின்றனர்.

மீட்பும் ஒப்பீடும்

1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி.ஜே. தேசுபாண்டே முதலியோர் காரநூலை மீட்டெடுத்தனர். நூலுக்கு 21 பூச்சுகள் இடுவது முறையாயிற்று: கள்ளிப்பால் மட்டும் 11, கள்ளிப்பாலுடன் நாயுருவிக் காரம் 7, கள்ளிப்பாலுடன் மஞ்சள் 3. வாரந்தோறும் நூல் மாற்றப்படும். அது தசையைச் சிறிது சிறிதாக அறுத்துச் செல்ல, அறுந்த இடம் உடனுக்குடன் ஆறிவரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்திய ஒப்பீட்டாய்வின் முடிவு 1991இல் வெளிவந்தது. நோய் மீண்டும் தோன்றியது காரநூல் முறையில் 4 விழுக்காடு, அறுவையில் 11 விழுக்காடு. ஆனால், புண் ஆறக் காரநூலுக்கு 8 வாரமும் அறுவைக்கு 4 வாரமும் தேவைப்பட்டன.

முடிவுரை

காரநூல் நோய் மீளாமையைத் தருகிறது. அறுவை காலத்தை மிச்சப்படுத்துகிறது. எந்த நோயாளிக்கு, எவ்வகைப் புண்வழிக்கு எது ஏற்றது என்பதே சுசுருதர் எழுப்பிய வினா. எந்த மருத்துவ முறை உயர்ந்தது என்னும் பிற்கால வினாவைவிட அது நோயாளிக்கு நெருக்கமானது.