வானொலி தேர்ந்து தந்த பாட்டு

கிழக்கிலங்கையின் வீரமுனையிலும் அதையடுத்த சம்மாந்துறை, கல்முனைப் பகுதிகளிலும் புதுப்பாட்டு நெடுங்காலம் இலங்கை வானொலி வழியாகவே வந்து சேர்ந்தது. 1925 இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1950 இல் வர்த்தக சேவையால் விரிந்தது. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியதும் தமிழகமும் கொழும்பு அலைவரிசைக்குக் காதுகொடுத்தது. அறிவிப்பாளர்கள் எஸ்.பி. மயில்வாகனன், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் வீட்டுக்கு வீடு தெரிந்த குரல்களாயினர். பாட்டோடு படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் பெயர்களும் சொல்லப்பட்டன.

விரும்பிய பாட்டைத் தபாலட்டையில் எழுதி, வீட்டார் பெயர்களை வரிசையாகச் சேர்த்து அனுப்பி, அது ஒலிக்கும் நாளுக்காக நேயர்கள் காத்திருந்தார்கள். அடுத்த ஊரார் கேட்ட பாட்டு இன்னொருவருக்குப் புது அறிமுகமாயிற்று. இதைவிடச் சிறந்த பரிந்துரை முறை பின்னர் வரவேயில்லை.

கசெட் காலத்தில், பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொடுத்தால் ரெக்கோர்டிங் பாரில் பதிந்து தந்தார்கள். 2021 இல் இணையவழி இசைச் சேவையான ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது. இப்போது அடுத்த பாட்டைக் கணினி நிரல் தேர்கிறது. எழுதிய கவிஞர் யாரென்று அறிய விரும்புபவர் தாமே தேட வேண்டியிருக்கிறது.