முழு ஃபைபர் இணைப்பு: மறைமலை நகர் வீடுகளுக்கு ஓர் அறிமுகம்

இணைய நிறுவனத்தின் நிலையத்தில் தொடங்கி வீட்டுச் சுவர் வரை, இடையில் செம்புக் கம்பி எங்கும் குறுக்கிடாமல் கண்ணாடி இழை வழியாகவே வரும் அகலப்பட்டை இணைப்பு முழு ஃபைபர் இணைப்பு எனப்படும். தெருமுனை வரை இழையைக் கொண்டுவந்து, அங்கிருந்து வீட்டுக்கு லேன் கேபிளை இழுத்துவிட்டு, அதையும் ஃபைபர் என்றே விற்கும் வழக்கம் உண்டு. மாதக் கட்டணம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே இணைப்பு அல்ல.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்த மறைமலை நகர், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1980-இல் உருவாக்கிய துணை நகரம். மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கியது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரி மாணவர்களும் ஒரே வீட்டில் இருக்கும் ஊர் இது. அத்தகைய வீட்டில் காணொளி வகுப்பும் அலுவலகக் கூட்டமும் ஒரே நேரத்தில் நடக்கும்போதுதான் இணைப்பின் தரம் தெரியவரும்.

இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான். அதைச் சூழ்ந்த கண்ணாடியையும் சேர்த்தால் 125 மைக்ரான். தூய கண்ணாடியில் ஒளிவழிச் செய்தியை நெடுந்தூரம் அனுப்ப முடியும் என்று 1966-இல் காட்டிய சார்லஸ் காவோ, அதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார்.

வீட்டு இணைப்புகளில் பரவலாக உள்ள தொழில்நுட்பம் ஜிபான். நிலையத்தில் இருக்கும் ஓ.எல்.டி. கருவியிலிருந்து ஒரே இழை புறப்படும். வழியில் உள்ள ஸ்பிளிட்டர் அதன் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. வீட்டில் அந்த ஒளியை வாங்கும் பெட்டி ஓ.என்.டி.; நம் ஊரில் அதை மோடம் என்றே சொல்கிறோம். ஓ.எல்.டி. கருவிகளை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் உள்ள தன் ஆலையிலேயே தயாரிக்கப்போவதாக நோக்கியா 2023-இல் அறிவித்தது.

ஜிபானில் ஓர் இழையின் பதிவிறக்கத் திறன் நொடிக்கு ஏறக்குறைய 2.5 ஜிகாபிட், பதிவேற்றத் திறன் 1.25 ஜிகாபிட். 32 வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தைக் கேட்டால் ஆளுக்குச் சுமார் 78 மெகாபிட்தான் கிடைக்கும். நடைமுறையில் எல்லோரும் ஒரே நொடியில் கேட்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு வேகம் குறைந்தால் ஒரு ஸ்பிளிட்டரில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று கேட்கலாம். நிலையத்திலிருந்து வெளியே செல்லும் பாதை போதாமல் இருப்பதும் காரணமாகலாம். அகலப்பட்டை என்பதற்கு அரசு 2023-இல் வகுத்த குறைந்தபட்ச வேகம் 2 மெகாபிட். இன்றைய வீட்டுக்கு அது எந்த வகையிலும் போதாது.

இணைப்புக் கொடுக்க வருபவர் கையடக்க மீட்டரை வைத்து, "பவர் மைனஸ் 22 வருது" என்பார். அது வீட்டை எட்டும் ஒளியின் அளவு, அலகு டி.பி.எம். ஒளி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் குறையும். 32 ஆகப் பிரிக்க ஐந்து முறை பிரிய வேண்டும். அதிலேயே 15 டெசிபெல் போய்விடுகிறது. மைனஸ் 27-க்கும் கீழே போனால் இணைப்பு நிலையாக இருப்பது அரிது. முதல் நாளே இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது மிகப் பயனுள்ளது. பின்னால் பழுது வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை ஆதாரத்தோடு கேட்கலாம்.

மோடத்தில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பீரோவுக்குப் பின்னால் இழை மடங்கியிருக்கலாம், தெருவில் அறுந்திருக்கலாம். சாலை தோண்டும்போது கேபிள்கள் வெட்டுப்படுவதைக் குறைக்க, தோண்டுமுன் தகவல் தரும் செயலி ஒன்றை ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. கம்பங்களில் தொங்கும் இழைகளுக்குப் புயல்தான் பெரிய ஆபத்து. 2016 வர்தா புயலில் மரங்களும் கம்பங்களும் சாய்ந்தபோது கேபிள்களும் சேர்ந்தே அறுந்தன. பழைய தரைவழித் தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே மின்சாரம் வரும். ஃபைபருக்கு அந்த வசதி இல்லை. கரண்ட் போனால் பெட்டி அணைந்துவிடும். சிறிய யூ.பி.எஸ். ஒன்று வைப்பது அவசியச் செலவு.

பல வீடுகளில் பழி ஃபைபருக்கு, குறை வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர்களிலேயே தளர்ந்துவிடும். எனவே வாசல் மூலையில் ஆணி அடித்து மாட்டும் பெட்டியை ஹாலின் நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இணைப்பு வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: வீட்டுக்குள் வருவது இழையா லேன் கேபிளா, பதிவேற்ற வேகம் எவ்வளவு, அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஒட்டித் தருவீர்கள்.