மூக்கு ரோஸா இருக்கா?

ராஜபாளையம் குட்டி வாங்கப் போறோம்னு சொன்னதும், விவரம் தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் கேட்பார்: "மூக்கு ரோஸா இருக்கா? உடம்புல எங்கயாவது புள்ளி இருக்கா? அப்பதான் ஒரிஜினல்!" இன்னைக்கு நாம பேசப்போறது அந்தக் கேள்வியோட வரலாறு.

ரொம்ப காலத்துக்கு நாயோட மதிப்பு அது செய்யற வேலையிலதான் இருந்தது. முயலைப் பிடிக்குமா, வீட்டைக் காக்குமா? அவ்வளவுதான். 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஒரு நாய்க்காட்சி நடந்தது. நவீன நாய்க்காட்சிகளின் தொடக்கமா அதைத்தான் சொல்றாங்க. கலந்துக்கிட்டதெல்லாம் பாயின்டர், செட்டர் என்ற வேட்டைநாய்கள். ஆனா வேட்டையாடச் சொல்லல. தோற்றத்தைப் பார்த்துப் பரிசு கொடுத்தாங்க. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் உருவானது. காது எப்படி, வால் எப்படி, நிறம் என்னன்னு இனவாரியா எழுதி வைக்கிற முறை அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது.

அந்த அளவுகோல் நம்ம ஊருக்கும் வந்தது. ராஜபாளையத்தைப் பாருங்க: ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீளமான கால்கள், மெல்லிய வால். வேகமா ஓடி வேட்டையாடத் தோதான உடம்பு. மார்பு ஆழமா இருந்தாதான் நுரையீரலுக்கு இடம் கிடைக்கும். 2005-இல் இந்திய அஞ்சல் துறை இந்த நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது.

சரி, பால் வெள்ளை நிறமும் ரோஸ் மூக்கும் எதுக்கு? ஓட்டத்துக்கு அதனால ஒரு பயனும் இல்லை. மனுஷங்களுக்குப் பிடிச்சது, அதனால வெள்ளையோட வெள்ளையைச் சேர்த்தே வளர்த்தாங்க.

இங்கதான் சிக்கல். தோலுக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உள்காதுக்குள்ளயும் வேலை செய்யுது. அங்க அது இல்லைன்னா, ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிஞ்சிடும். அதனாலதான் ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு அடிக்கடி பேசப்படுது. டால்மேஷியன்லயும் இதே பிரச்சினை உண்டு. காவலுக்குன்னு ஆசையா வாங்கின நாய்க்கு, கேட் திறக்கிற சத்தமே கேட்காம போகலாம்.

எல்லா வெள்ளை நாயும் செவிடு இல்லை. ஆனா குட்டியைப் பார்க்கப் போனா, அதுக்குத் தெரியாம பின்னாடி நின்னு கை தட்டிப் பாருங்க. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியும் திரும்பிப் பார்க்கும். அதனால ஐந்து வாரத்துக்கு மேல கால்நடை மருத்துவர்கிட்ட செவித்திறன் பரிசோதனை பத்தி கேளுங்க.

மூக்கோட நிறத்தை அப்புறம் பார்த்துக்கலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.