முன்னாள் படைவீரர்களும் முழங்கால் மாற்று சிகிச்சையும் - ஒரு சிறு வரலாறு

சேலத்திலிருந்து சங்ககிரி, திருச்செங்கோடு வழியாக நாமக்கல் வரை பஸ்ஸில் போனால் வழியில் எத்தனையோ கிராமங்கள். அதில் பல ஊர்களில் 'மிலிட்டரிக்காரர்' என்று ஒருவர் இருப்பார். அவருடைய பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் வீட்டைக் கேட்டால் சின்னக் குழந்தை கூட வழி காட்டும். நெஞ்சை நிமிர்த்தி நடப்பார், காலையில் ஐந்து மணிக்கு எழுந்து விடுவார், பஞ்சாயத்தில் நியாயம் பேசுவார்.

இந்த மனிதர் ஒரு கட்டத்தில் நடப்பதைக் குறைத்துக் கொள்கிறார். முதலில் திருச்செங்கோடு மலைக்குப் படி வழியாகப் போவதை நிறுத்துகிறார். (மேலே போக ஆயிரத்துக்கும் அதிகமான படிகள்!) பிறகு டீக்கடைக்குப் போவதை நிறுத்துகிறார். கடைசியில் வாசல் கட்டிலோடு நின்று விடுகிறார். கேட்டால் "முட்டி வலிங்க, வயசாச்சுல்ல" என்பார். டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லி ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். எல்லையில் பயப்படாத ஆள் ஆபரேஷன் தியேட்டருக்குப் பயப்படுவார்.

அந்தப் பயத்திலிருந்து அவரை வெளியே கொண்டு வருவது யார்? பெரும்பாலும் மகனோ மகளோ இல்லை. கூட வேலை பார்த்த பழைய நண்பர்கள் தான். முழங்கால் மாற்று சிகிச்சை எப்படி வந்தது, அது முன்னாள் படைவீரர்களுக்கு எப்படிக் கிடைத்தது, அதில் நண்பர்களுக்கு என்ன வேலை என்பதைப் பார்ப்போம்.

மிலிட்டரிக்காரர் முட்டி ஏன் தேய்கிறது?

முழங்கால் மூட்டில் தொடை எலும்பும் கணுக்கால் வரை போகும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கின்றன. இரண்டு எலும்பின் முனையிலும் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. நடுவில் பிறை வடிவில் இரண்டு சவ்வுகள் மெத்தை போல இருந்து அதிர்ச்சியைத் தாங்குகின்றன. இந்தச் சவ்வு கிழிந்தாலோ, தசைநார் அறுந்தாலோ அப்போதைக்கு வலி அடங்கி விடும். ஆனால் பத்து இருபது வருடம் கழித்து அதே மூட்டு வேகமாகத் தேயும்.

படைவீரரின் வேலையே முழங்காலுக்கு எதிரானது. முதுகில் சுமை, மலை ஏற்றம், பள்ளத்தில் குதிப்பது, மண்டியிட்டுச் சுடுவது, மணிக்கணக்கில் பரேடு. அமெரிக்கப் படையினரிடம் செய்த ஆய்வுகளும் அதே வயதுள்ள பொதுமக்களை விட அவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் அதிகமாக வருவதைக் காட்டியிருக்கின்றன.

இன்னொரு விஷயம் உண்டு. நம் ஊர் சிப்பாய் 40 வயதை ஒட்டியே ஓய்வு பெற்று வந்து விடுகிறார். பிறகு வங்கிக் காவலர், மில் வாட்ச்மேன், லாரி டிரைவர் என்று இன்னொரு இருபது வருடம் அதே காலில் நிற்கிறார். முட்டி முழுதாகத் தேயும்போது வயது அறுபதைத் தாண்டி இருக்கும். அப்போது அவர் பக்கத்தில் ரெஜிமெண்டும் இல்லை, ராணுவ ஆஸ்பத்திரியும் இல்லை.

குமாரமங்கலத்து ஜெனரல்

இந்தச் சமவெளியின் மிகப் பெரிய மிலிட்டரிக்காரர் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்தவர். இவர் அப்பா டாக்டர் பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்தவர். மகன் 1913ல் பிறந்து, 1933ல் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, 1966 முதல் 1969 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் 1942ல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பீர் ஹக்கீம் என்ற இடத்துக்கு அருகே சண்டையிட்டார். அதற்காக டி.எஸ்.ஓ. விருது பெற்றார். ஆனால் எதிரியிடம் பிடிபட்டு இத்தாலியில் போர்க் கைதியானார். அங்கே கூட இருந்தவர்களில் இருவர் யாஹ்யா கானும் யாகூப் கானும். முகாமிலிருந்து தப்பி ஓடியபோது குமாரமங்கலத்துக்குக் கணுக்கால் முறிந்தது என்று அந்தக் கதையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் மறுபடியும் ஜெர்மானியரிடம் மாட்டி, ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற கடுமையான காவல் முகாமுக்கு அனுப்பப்பட்டார். யாஹ்யா கான் தப்பி விட்டார். விதி பாருங்கள், 1966ல் ஒருவர் இந்திய ராணுவத்துக்கும் மற்றவர் பாகிஸ்தான் ராணுவத்துக்கும் தலைமைத் தளபதி!

போர்க்களத்தில் கால் போனவன் பின்தங்கி விடுவான். எவ்வளவு நெருங்கிய நண்பனாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு ஓட எல்லா நேரமும் முடியாது. ஊரில் அப்படி இல்லை. இங்கே கால் போனவனை விட்டுவிட்டுப் போக எந்தக் கட்டாயமும் கிடையாது.

ஜெனரல் 2000 மார்ச் மாதம் காலமானார். அவருடைய தம்பி மோகன் குமாரமங்கலம் மத்திய அமைச்சராக இருந்தபோது 1973ல் விமான விபத்தில் இறந்தார். 1986ல் தொடங்கிய சேலம் அரசு மருத்துவக் கல்லூரி இந்தத் தம்பியின் பெயரில் தான் இருக்கிறது.

தந்தத்தில் தொடங்கிய கதை

1890ல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்ற மருத்துவர் யானைத் தந்தத்தில் கதவுக் கீல் போல ஒரு முழங்கால் செய்து நோயாளிக்குப் பொருத்தினார். காசநோய் அரித்த மூட்டுகளில் அவர் இதைச் செய்தார். கிருமித் தொற்று வந்து முயற்சி தோற்றது. 1951ல் சுவீடனைச் சேர்ந்த வால்டியஸ் மறுபடியும் கீல் மூட்டு செய்தார். அதுவும் நீண்ட நாள் நிற்கவில்லை. காரணம், முழங்கால் கதவு மாதிரி ஒரே அச்சில் மடங்குவது இல்லை. மடங்கும்போது உருளும், வழுக்கும், கொஞ்சம் திரும்பவும் செய்யும்.

1962ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டில் வெற்றி கண்டார். உலோகம், அதற்கு எதிரே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், ஒட்டுவதற்கு எலும்பு சிமெண்ட் என்பது அவர் வழி. அவரிடம் இருந்த கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் அதே வழியை 1960களின் இறுதியில் முழங்காலுக்குக் கொண்டு வந்தார். பிறகு நியூயார்க்கில் ஜான் இன்சால், பீட்டர் வாக்கர், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ராணாவத் ஆகியோர் சேர்ந்து வடிவமைத்த மூட்டு 1974ல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று பொருத்தப்படும் மூட்டுகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்.

'மாற்று' என்றதும் முழங்காலையே வெட்டி எடுத்து விடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தேய்ந்த முனைகளில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி விட்டு, மேலே உலோகத் தொப்பி, கீழே உலோகத் தட்டு, நடுவில் பிளாஸ்டிக் வைக்கிறார்கள். பல்லுக்குத் தொப்பி போடுவது மாதிரி தான்.

ஒரு பிரதமரின் முழங்கால்

இந்தியாவில் இந்த ஆபரேஷனை வீட்டுத் திண்ணை வரை கொண்டு வந்தவர் வாஜ்பாய். 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் அவருடைய இடது முழங்கால் மாற்றப்பட்டது. செய்தவர் மேலே சொன்ன அதே ராணாவத். 2001 ஜூனில் வலது முழங்கால். அடுத்த மாதமே ஆக்ராவில் முஷாரப்புடன் உச்சி மாநாடு நடத்தினார்! அவர் நடையை டிவியில் நாடே பார்த்தது. "பிரதமரே செஞ்சுக்கிட்டாரு" என்ற ஒரு வரி பல பெரியவர்களுக்குத் தைரியம் கொடுத்தது.

ஆனால் பிரதமருக்குக் கிடைப்பது ஓய்வு பெற்ற ஹவில்தாருக்குக் கிடைக்குமா?

2003க்குப் பிறகு

2003 ஏப்ரல் 1 அன்று முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் தொடங்கியது. இ.சி.எச்.எஸ். என்று எல்லோரும் சொல்வது இதைத் தான். ஒரு தொகை கட்டிச் சேர்ந்தால் ஓய்வூதியம் வாங்கும் படைவீரரும் மனைவியும் பாலிகிளினிக்கில் காட்டலாம். அங்கிருந்து சீட்டு வாங்கி, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் ஆபரேஷன் செய்து கொள்ளலாம். சேலத்திலும் பாலிகிளினிக் வந்தது. அதற்கு முன் தூரத்து ராணுவ ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும், இல்லை என்றால் சொந்தக் காசு.

ராணுவம் அல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. பிறகு 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. சராசரியாக 1,58,000 ரூபாய்க்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய் ஆனது.

ஆக, காசு என்ற தடை பெருமளவு குறைந்து விட்டது. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நண்பர்கள் செய்யும் வேலை

டாக்டர் "வெற்றி வாய்ப்பு அதிகம்" என்று சொன்னால் மனசு கேட்பதில்லை. கூட வேலை பார்த்தவர் ஒருவர் வந்து, வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கித் தழும்பைக் காட்டி, "ஏனுங்கண்ணா, போன வருசம் எனக்குப் பண்ணுனாங்க. இப்பப் பாருங்க, நானே பஸ் ஏறி வந்துட்டேன்" என்று சொன்னால் கேட்கிறது.

பேச்சோடு முடிவதும் இல்லை. பாலிகிளினிக்கில் சீட்டு வாங்க, கார்டு புதுப்பிக்க, வரிசையில் நிற்க ஒருவர். பிள்ளைகள் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார்கள், அதனால் ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு ஒருவர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்து தான் பெரும்பாலும் ஆபரேஷன் நடக்கிறது. அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நிற்க வைத்து விடுகிறார்கள். அந்த முதல் நாலு அடி தான் கஷ்டம். அப்போது பக்கத்தில் நின்று ஒருவர் "சாவ்தான்! தேஜ் சல்!" என்று பரேடு குரலில் சொன்னால் வலியிலும் சிரிப்பு வரும். மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவராக இருந்தால் "வீர மதராஸி, அடி கொல்லு" என்று வார்டே அதிரும்.

உண்மையான சண்டை வீட்டுக்கு வந்த பிறகு தான். முதல் ஆறு வாரம் தினமும் முட்டியை மடக்கி நீட்டப் பழக வேண்டும். 90 டிகிரி மடங்கினால் தான் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து எழ முடியும். வலிக்குப் பயந்து விட்டு விட்டால் மூட்டு இறுகி விடும். வீட்டில் உள்ளவர்கள் பாவம் என்று விட்டு விடுவார்கள். பழைய சுபேதார் சாப் விட மாட்டார்! சாயங்காலம் வந்து எண்ணிக்கை கேட்பார்.

நண்பர்கள் சொல்லக் கூடாதது

தைரியம் சொல்வது வேறு, பொய் சொல்வது வேறு. "ஒண்ணுமே இல்ல, பத்து நாள்ல ஓடலாம்" என்று சொன்னால், பத்தாம் நாள் வலிக்கும்போது ஆபரேஷன் தோற்று விட்டது என்று நினைத்து உடைந்து போவார். ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி இல்லை என்று சொல்வதாக ஆய்வுகள் உண்டு. சிறு அளவில் கிருமித் தொற்று அபாயமும் உண்டு, அதனால் சர்க்கரையை முன்பே கட்டுப்படுத்த வேண்டும். தரையில் சம்மணம் போடுவதும் குத்துக்காலிட்டு உட்காருவதும் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். எனவே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வசதியை முன்பே செய்து வைப்பது நல்லது.

நல்ல செய்தியும் உண்டு. 2019ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டு தாங்குவதாகக் கணக்கிட்டது. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அது ஆயுளுக்கும் போதும்.

ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பத்திரியில் வகுப்பு எடுப்பதால் மட்டும் எல்லோருக்கும் பெரிய பலன் இல்லை என்று 2014ல் ஒரு மறுஆய்வு சொன்னது. மனச்சோர்வோ தவறான எதிர்பார்ப்போ உள்ளவர்களுக்கு அது உதவலாம் என்றும் சொன்னது. யாருக்கு எந்தப் பயம் என்று வகுப்பு எடுப்பவருக்குத் தெரியாது. ஒரே கூடாரத்தில் படுத்திருந்தவருக்குத் தெரியும்.

முடிவாக

தந்த மூட்டிலிருந்து இன்றைய மூட்டு வரை 130 வருடத்துக்கும் மேல் ஆகி விட்டது. திட்டம் வந்து விட்டது, விலை இறங்கி விட்டது, சேலத்திலேயே டாக்டர்களும் இருக்கிறார்கள். மிச்சம் இருப்பது கட்டிலில் இருந்து ஒரு மனிதரை எழுப்பும் வேலை. அதை மருந்துச் சீட்டில் எழுத முடியாது.

உங்கள் ஊரிலும் ஒரு மிலிட்டரிக்காரர் கொஞ்ச நாளாகத் டீக்கடைக்கு வராமல் இருக்கலாம். அவருடைய நண்பர்கள் தூரத்தில் இருந்தால், அடுத்த வீட்டுப் பிள்ளைகளாவது ஒரு தடவை போய்க் கேட்கலாம். பாலிகிளினிக்குக்குக் கூட வர ஒரு ஆள் இருந்தால் போதும், கிளம்பி விடுவார்.